பழைய நூவிக்கு மாற்றுக் கார் சார்ஜர், களப்பணிக்கு ஒரு கையடக்க ஜிபிஎஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: செங்கம்_நடுகல்

அனைவருக்கும் வணக்கம். செங்கம், தண்டராம்பட்டு, சவ்வாது மலையடிவாரம் ஆகிய பகுதிகளில் வயல்வரப்பிலும் புதர்களுக்குள்ளும் கிடக்கும் நடுகற்களைப் படம் எடுத்து, அவை நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு பதிவு செய்யும் சிறு குழு ஒன்றில் இருக்கிறேன். காரில் வழி பார்ப்பதற்குக் கார்மின் நிறுவனத்தின் பழைய நூவி கருவி ஒன்றை இன்னும் பயன்படுத்தி வருகிறேன். கைப்பேசி இருக்க இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வெயிலில் கைப்பேசி சூடேறித் திரை மங்கிவிடுகிறது. படம் எடுப்பது, கல்வெட்டை வீடியோ பிடிப்பது, ஊர்க்காரர்களிடம் பேசுவது என எல்லா வேலைக்கும் அதே கைப்பேசிதான் என்பதால், மாலைக்குள் சார்ஜும் தீர்ந்துவிடுகிறது.

சென்ற மாதம் கொட்டகையில் நிறுத்தியிருந்த காருக்குள் எலி புகுந்து, நூவியின் சார்ஜர் வயரைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. கார் உதிரிப்பொருள் கடை ஒன்றில் அதே மினி யுஎஸ்பி முனையுள்ள சார்ஜர் ஒன்றை வாங்கினேன். முனை சரியாகத்தான் பொருந்துகிறது; ஆனால் செருகியவுடன் வரைபடம் மறைந்து, கணினியோடு இணைத்ததைப் போன்ற ஒரு படம் திரையில் வந்து நிற்கிறது. பிடுங்கினால் வரைபடம் திரும்பி வருகிறது, ஆனால் உள்ளிருக்கும் பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. பழுது கருவியிலா, சார்ஜரிலா?

மேலும், காரை விட்டு இறங்கி நடந்து செல்லும்போது பயன்படுத்துவதற்குக் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்க எண்ணியிருக்கிறோம். 20,000 ரூபாய், மிஞ்சிப்போனால் 25,000 ரூபாய் வரை செலவிட முடியும். எந்தக் கருவி தகும் என்பதையும், பழைய கருவியாக வாங்கலாமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஈயப்பற்று

வணக்கம் ஐயா. உங்கள் நூவியில் பழுது எதுவும் இல்லை. புதிய சார்ஜரும் தன்னளவில் கெட்டுப்போனதன்று. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை, அவ்வளவுதான். மினி யுஎஸ்பி செருகியில் ஐந்து முனைகள் உண்டு. முதல் முனையில் 5 வோல்ட், ஐந்தாவதில் நெகட்டிவ், இரண்டிலும் மூன்றிலும் தகவல் போக்குவரத்து என்பது ஏற்பாடு. எஞ்சிய நான்காவது முனை சாதாரண வயர்களில் எதனோடும் இணைக்கப்படாமல் சும்மா இருக்கும். கார்மின் தன் கார் வயரில் இந்த நான்காவது முனையை ஒரு சிறு ரெசிஸ்டர் வழியாக ஐந்தாவதோடு இணைத்துவைத்திருக்கிறது. அந்த ரெசிஸ்டர் தென்பட்டால், வருவது வெறும் மின்சாரம் என்று கருவி புரிந்துகொண்டு வரைபடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். தென்படாவிட்டால் கணினியோடு சேர்த்துவிட்டார்கள் என்று கருதி, வழிகாட்டுவதை நிறுத்திவிடும். தகவல் கம்பிகளே இல்லாத, சார்ஜுக்கு மட்டுமான வயர் சில மாடல்களில் வேலை செய்வதுண்டு என்றாலும், அதை நம்பி வாங்க வேண்டாம்.

எனவே கடையில் மினி யுஎஸ்பி சார்ஜர் என்று மட்டும் கேட்காமல், கார்மின் நூவிக்கான பவர் கேபிள் என்று தெளிவாகக் கேளுங்கள். அதிலும், ஒரு முனையில் சாதாரண யுஎஸ்பியும் மறுமுனையில் ரெசிஸ்டர் உள்ள மினி செருகியுமாகத் தனியாக விற்கும் கேபிளை வாங்கிக்கொண்டு, இரண்டு துளைகளுள்ள தரமான கார் சார்ஜர் ஒன்றைத் தனியே வாங்குவதுதான் என் பரிந்துரை. நாளைக்கு இரண்டில் ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். இன்னொரு துளை கைப்பேசிக்கு ஆகும்.

ஆனால் காசு செலவழிப்பதற்கு முன்னால் பழைய சார்ஜரைத் தூக்கி எறியாதீர்கள். அந்த ரெசிஸ்டர் மினி செருகியின் வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சுற்று பெரும்பாலும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் நுழையும் தடித்த பகுதிக்குள் இருக்கிறது. எலி கடித்தது நடுவிலுள்ள வயரை மட்டும் என்றால், கடிபட்ட பகுதியை வெட்டியெடுத்துவிட்டு இரு பக்கத்தையும் நிறம் பார்த்துச் சேர்த்துப் பற்றவைத்தாலே சரியாகிவிடும். எலி கடித்தபோது வயர்கள் உரசி ஷார்ட் ஆகியிருந்தால் பியூஸ் போயிருக்கலாம். தடித்த பகுதியின் நுனியிலுள்ள மூடியைத் திருகினால் கண்ணாடிக் குழாய் போன்ற பியூஸ் வெளியே வரும். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. காரில் உட்கார்ந்துகொண்டு திருகினால் அது தெறித்து இருக்கைக்கு அடியில் ஓடிவிடும், ஆகையால் மேசைமேல் ஒரு தட்டை வைத்துத் திருகுங்கள். புதிய பியூஸ் வாங்கும்போது பழையதன் உலோக மூடியில் பொறித்திருக்கும் ஆம்பியர் அளவையே வாங்க வேண்டும். கைக்குக் கிடைத்த பெரிய அளவைப் போட்டுவிடக் கூடாது.

புதிதாகவே வாங்குவதென்றால், சார்ஜரின் மேல் 12–24 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது காரின் சாக்கெட்டில் 14 வோல்ட் வரை வரும், லாரி என்றால் அதன் இரட்டிப்பு. மலிவான சார்ஜர்களில் இரைச்சலைத் தடுக்கும் பாகங்களை விட்டுவிடுவார்கள். செயற்கைக்கோளிலிருந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை மிகமிக மெலிந்தது என்பதால், பக்கத்திலேயே இரைச்சலிடும் சார்ஜர் இருந்தால் கருவி இடம் பிடிக்கத் தடுமாறலாம். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது: கார் ரேடியோவில் மெலிதாகக் கேட்கும் எஃப்எம் நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு சார்ஜரைச் செருகுங்கள். கரகரப்பு கூடினால் அந்தச் சார்ஜரைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உள்ளே இருக்கும் பேட்டரி அரை மணி நேரத்தில் இறங்குவதற்கு முதுமையே காரணம். கண்ணாடியில் ஒட்டி வெயிலில் வைத்த லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. திரையின் ஓரம் சற்றே மேலெழும்பியிருந்தால் பேட்டரி வீங்கிவிட்டது என்று பொருள். அப்படியிருந்தால் சார்ஜ் செய்யாமல் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

பதில் 2: மலைத்தடம்

சார்ஜரைப் பற்றி ஈயப்பற்று ஐயா சொல்லிவிட்டதால் நான் கையடக்கக் கருவிக்கு வருகிறேன். வனப்பகுதிக் கணக்கெடுப்புகளில் இவற்றைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: திரையையும் வசதிகளையும் பார்ப்பதற்கு முன்னால், அது எதில் ஓடுகிறது என்று பாருங்கள். சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ அளவு செல்லில் ஓடும் கருவியைத்தான் உங்கள் வேலைக்குச் சொல்வேன். உள்ளேயே பேட்டரி பொதித்த கருவிகள் ஒருமுறை சார்ஜ் செய்தால் மிக நீண்ட நேரம் ஓடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் சில வருடங்கள் கழித்து உங்கள் நூவிக்கு வந்த அதே நிலை அதற்கும் வரும். ஏஏ செல் மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

உங்கள் தொகைக்குள் கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் பொருந்தும் என்று நினைக்கிறேன். விலை கடைக்குக் கடை மாறுவதால் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். 2019இல் வந்த மாடல். 2.2 அங்குல வண்ணத்திரை, இரண்டு ஏஏ செல்களில் சுமார் 25 மணி நேரம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் ஐபிஎக்ஸ்7 பாதுகாப்பு, மெமரி கார்டு போடும் இடம் ஆகியவை உண்டு. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவிலிருந்து கார்மின் கருவிகளுக்கென்று உருவாக்கிய இலவச வரைபடங்களை அதில் ஏற்றிக்கொள்ளலாம். அதன் அண்ணனான 32எக்ஸில் காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் அளக்கும் வசதியும், நின்ற இடத்திலேயே திசை காட்டும் மின்னணுத் திசைமானியும் கூடுதலாக உள்ளன. நடுகல் எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்று குறிப்பீர்கள் அல்லவா? அதற்கு ஒரு சாதாரணத் திசைமானியே போதும், கூடுதல் பணம் வேண்டாம். 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ செல்லைச் சிக்கனமாகத் தின்னும், சார்ஜர் முனையும் இக்காலத்து யுஎஸ்பி சி. ஆனால் அதன் கறுப்பு வெள்ளைத் திரையில் விரிவான வரைபடம் ஏற்ற முடியாது. ஒற்றையடிப் பாதை தெரியாத புதருக்குள் நடக்கும் உங்களுக்கு வரைபடம் தேவைப்படும்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. ஈட்ரெக்ஸ் 22எக்ஸைக் கார் சார்ஜரில் செருகினால் கருவி அந்த மின்சாரத்தில் ஓடுமே தவிர, உள்ளே இருக்கும் ஏஏ செல்கள் சார்ஜ் ஆகா. மறுசார்ஜ் செல்களுக்குத் தனிச் சார்ஜர் வாங்க வேண்டும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களில், சும்மா வைத்திருந்தாலும் எளிதில் இறங்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியபின் கருவியின் அமைப்புப் பகுதியில் செல் வகையை மாற்றிக் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜ் அளவு காட்டும் பட்டை பொய் சொல்லும். வேலை இல்லாத மாதங்களில் செல்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். சாதாரண ஆல்கலைன் செல் கசிந்தால் ஸ்பிரிங்குகள் பச்சை பூத்துப் போகும்.

அமைப்புகளில் வாஸ் என்ற தெரிவை, அதாவது ஜிபிஎஸ் பிழையைக் குறைக்கச் செயற்கைக்கோள் வழியாக வரும் திருத்தச் சமிக்ஞையைப் பெறும் வசதியை, இயக்கிவையுங்கள். நம் நாட்டின் ககன் திருத்தச் சமிக்ஞையும் அதன் வழியாகவே கிடைக்கும். திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் இடம் காட்டும், அடர்ந்த மரத்தடியில் பிழை அதைவிடக் கூடும். ஆயங்களை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பதியும் முறையையும் முதல் நாளே குழுவினர் எல்லோரும் ஒன்றாக்கிவிட வேண்டும். கருவி தானாகக் காட்டுவது பாகையும் தசம நிமிடமும். 12 பாகை 18.500 நிமிடம் என்பதை ஒருவர் 12.18500 பாகை என்று தாளில் எழுதிவிட்டால், கல் 13 கிலோமீட்டருக்கும் மேலாகத் தெற்கே போய்விடும்.

பதில் 3: கோடியக்கரைக்காரன்

பழைய கருவி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் பைபர் படகுகளில் கையடக்கக் கருவிகள் நெடுங்காலமாகப் புழங்குவதால் பழையவை நிறையக் கைமாறுகின்றன. பார்த்து வாங்கினால் நல்லவையும் கிடைக்கும். முதலில் ரப்பர் மூடியைத் திறந்து சார்ஜர் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கடல் உப்பு உள்ளே போன கருவி, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பிறகு வெட்டவெளியில் வைத்து இயக்கித் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் தன் வாரக் கணக்கை 1024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும், கடைசியாக அப்படி நடந்தது 2019 ஏப்ரல் 6 அன்று. மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் அதன்பின் ஏறத்தாழ இருபது வருடம் பின்னால் போய்த் தேதி காட்டுகின்றன. இடம் சரியாகத்தான் காட்டும், மீன் பிடிக்க அது போதும். கல் கண்டுபிடித்த தேதியோடு ஆவணப்படுத்தும் உங்களுக்குப் போதாது.

மிகப் பழைய கருவிகளில் யுஎஸ்பி துளைக்குப் பதிலாக வட்டமான நான்கு முனைத் துளை இருக்கும். அவற்றில் சில 12 வோல்ட்டை நேரடியாக ஏற்பவை, சில ஏற்காதவை. கருவியின் கையேட்டைப் பார்க்காமல் எந்த வயரையும் செருகிவிடாதீர்கள்.

செங்கம்_நடுகல்

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய சார்ஜரைத் தட்டின்மேல் வைத்துத் திருகிப் பார்த்தேன். பியூஸ் கம்பி அறுந்துதான் இருக்கிறது, கடிபட்ட இடம் வயரின் நடுவில். எனவே அதையே சரிசெய்து பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம். சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர் விடுமுறைக்கு வரும்போது, தான் பயன்படுத்திய கார்மின் ஜிபிஎஸ்மேப் 67ஐ என்ற கருவியை எங்களுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பலாமாம். சவ்வாது மலையில் அது மிகவும் பயன்படும் அல்லவா?

பதில் 4: மலைத்தடம்

தயவுசெய்து அதைக் கொண்டுவர வேண்டாம் என்று இன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள். மாடல் பெயரின் முடிவில் இருக்கும் ‘ஐ’ என்ற எழுத்து, இன்ரீச் எனப்படும் செயற்கைக்கோள் செய்தி வசதி அதில் இருப்பதைக் குறிக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து சமிக்ஞையைப் பெறுவதோடு நிற்கும் கருவிகள் வேறு, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் வேறு. இரண்டாவது வகையைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். இது தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் கைதான செய்திகள் நாளிதழ்களில் வந்திருக்கின்றன. செய்தி வசதிக்குக் கட்டணம் கட்டாமல் வெறும் ஜிபிஎஸ்ஸாகப் பயன்படுத்துகிறேன் என்று அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ‘ஐ’ இல்லாத 67 என்றால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அது உள்ளேயே பேட்டரி பொதித்த வகை. இலவசமாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். விலை கொடுப்பதென்றால் என் வாக்கு 22எக்ஸுக்கே.

பதில் 5: ஈயப்பற்று

ஐயா, வயரைச் சேர்க்கும் முன் ஒரு செய்தி. சூட்டில் சுருங்கும் உறைக்குழாயைப் பற்றவைப்பதற்கு முன்பே வயரில் மாட்டிவிடுங்கள், பிறகு மாட்ட வழியிருக்காது. இரு இணைப்புகளும் நேருக்கு நேர் வராமல் சற்று முன்பின்னாக இருக்கட்டும். முடித்ததும் நூவியில் செருகாமல், காரின் சாக்கெட்டில் போட்டு மினி முனையில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 4.8 முதல் 5.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கருவியில் செருகலாம். அதைவிடக் கூடுதலாகக் காட்டினால் உள்ளிருக்கும் சுற்றே கெட்டிருக்கிறது, அப்போது முதலில் சொன்ன தனிக் கேபிளும் தனிச் சார்ஜரும்தான் வழி.