பழைய மோட்டார்ஹோம் ஏற்றத்தில் திணறுகிறது: எதை மாட்டினால் இழுவை கூடும்?

வழிப்போக்கன்:
எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1990 மாடல், ஃபோர்ட் ஈ-350 சேசிஸில் கட்டிய 27 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வேன் முகப்போடு பின்னால் வீடு கட்டிய வண்டி). 460 வி8 இன்ஜின் (7.5 லிட்டர், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்), ஈ4ஓடி கியர்பாக்ஸ், பின்னச்சின் கியர் விகிதம் 4.10.

சமவெளியில் குறை சொல்ல முடியாது. பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கமிருந்து கிரேப்வைன் ஏறினால்தான் மூச்சு வாங்குகிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் மணிக்கு 35 மைலுக்கு மேல் போவதில்லை. சுமை லாரிகள் கூட முந்திக்கொண்டு போகின்றன. கோடையில் அப்பா அம்மா மதுரையிலிருந்து வருகிறார்கள், யோசெமிட்டி வழியாக டியோகா கணவாய் வரை கூட்டிப்போக ஆசை. ஒரு கடையில் இன்ஜினையே மாற்றச் சொல்கிறார்கள். கையில் இருப்பது சுமார் 1,500 டாலர். ஹெடர் (புகை எளிதில் வெளியேறும் குழாய்த் தொகுதி), கோல்ட் ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் குளிர்காற்று இழுக்கும் அமைப்பு), சிப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) இந்த மூன்றில் எதை முதலில் மாட்டலாம்?

பழைய இரும்பு:
நண்பரே, எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்று. அந்த இன்ஜின் புதிதாக இருந்தபோதே சுமார் 230 குதிரைத்திறன்தான். வயதானதில் அதில் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். போனதை மீட்கிற செலவு பெரும்பாலும் குறைவு.

ஒரு வாக்குவம் கேஜ் (வெற்றிட அழுத்தமானி) வாங்குங்கள், விலை அதிகமில்லை. இன்டேக் மேனிஃபோல்டின் (இன்ஜினுக்குள் காற்று போகும் பாதை) வாக்குவம் குழாயில் மாட்டி, இன்ஜின் சூடானதும் ஐட்லிங்கில் பாருங்கள். கடல் மட்டத்துக்கு அருகில் 17 முதல் 21 வரை (பாதரச அங்குலக் கணக்கில்) நின்றால் நல்லது. பிறகு நிமிடத்துக்கு 2,500 சுற்றில் கொஞ்ச நேரம் அப்படியே பிடியுங்கள். முள் முதலில் இறங்கி, பழைய இடத்துக்கோ அதற்கு மேலோ வந்து நிற்க வேண்டும். வராமல் மெல்ல மெல்ல விழுந்துகொண்டே போனால் புகைபோக்கி அடைத்திருக்கிறது. சந்தேகம் முதலில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மேல்தான்.

காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடானதும் அடங்குகிறதா என்றும் கவனியுங்கள். 460-ல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் பாகம்) பின்பக்க போல்ட்டுகள் முறிவது வாடிக்கை. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று புகுந்தால் ஆக்சிஜன் சென்சார் ஏமாந்துபோய், கம்ப்யூட்டர் தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றும்.

ஃப்யூயல் ஃபில்டர் மாற்றி எத்தனை காலம் ஆகிறது? எரிபொருள் அழுத்தம் ஏற்றத்தில் சுமையோடு போகும்போதும் 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே விழக்கூடாது.

வழிப்போக்கன்:
நன்றி. நேற்று உட்கார்ந்து பார்த்தேன். ஐட்லிங்கில் 18. 2,500-ல் பிடித்ததும் இறங்க ஆரம்பித்து 10-க்கு வந்துவிட்டது. காலைச் சத்தமும் இருக்கிறது. சீட்டுகளுக்கு நடுவே உள்ள இன்ஜின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். வலப்பக்க மேனிஃபோல்டில் கடைசி போல்ட்டின் தலையே இல்லை, அந்த இடம் கரிபிடித்துக் கிடக்கிறது. ஃப்யூயல் ஃபில்டர் மாற்றினேன், அழுத்தம் சரியாக இருக்கிறது.

பழைய இரும்பு:
அப்படியானால் உங்கள் இன்ஜின் நல்ல இன்ஜின். வெளியே விட வழியில்லாமல் தவிக்கிறது, அவ்வளவுதான். இன்ஜின் மாற்றும் பேச்சை விட்டுவிடுங்கள்.

முறிந்த போல்ட்டை எடுக்க எப்படியும் மேனிஃபோல்டைக் கழற்றியாக வேண்டும். இந்த வேலையில் கூலிதான் பெரிது. அதனால் உங்கள் பட்டியலில் ஹெடருக்கு மட்டும் நான் கை தூக்குவேன். அதை இப்போதே மாட்டிவிடுங்கள், பின்னால் தனியாகச் செய்தால் அதே கூலியை இரண்டாம் தடவை கொடுப்பீர்கள். கழற்றுவதற்குச் சில நாள் முன்பிருந்தே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

கலிஃபோர்னியாவில் ஹெடரானாலும் கன்வர்ட்டரானாலும் உங்கள் வண்டிக்குப் பொருந்தும் ஈ.ஓ. எண் (மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்மாக் (புகை) சோதனையில் நிறுத்திவிடுவார்கள். பேங்க்ஸ் நிறுவனம் 460 மோட்டார்ஹோமுக்கென்றே ஹெடர் செட் செய்தது, பழையது விற்பனைக்கு வந்தாலும் எண்ணைச் சரிபாருங்கள்.

கன்வர்ட்டர் சும்மா அடைக்காது. பிளக், பிளக் ஒயர், ஆக்சிஜன் சென்சார் மூன்றையும் கூடவே மாற்றுங்கள். எரியாத பெட்ரோல் போய்க்கொண்டிருந்தால் புதிய கன்வர்ட்டரும் அதே கதிக்கு ஆளாகும்.

நெடுஞ்சாலை அக்கா:
இன்டேக்கும் சிப்பும் வேண்டாம் தம்பி. உங்கள் ஃபில்டர் பெட்டி முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றைத்தான் இழுக்கிறது. அதை எடுத்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் வைத்தால், இன்ஜின் மூடிக்குள் கொதிக்கிற காற்றைக் குடிக்கும். இருக்கிற சக்தியும் குறையும். முன்குழாய் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிப் பெரும்பாலும் இக்னிஷனை முன்தள்ளி, விலை கூடிய பெட்ரோலைக் கேட்கும். இவ்வளவு எடையைக் கோடை வெயிலில் இழுக்கிற வண்டியில் அது நாக்கிங்கை (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து இன்ஜின் தட்டுவது) வரவழைக்கும், நான் தொடமாட்டேன்.

மிச்சப் பணத்தை கியர்பாக்ஸில் போடுங்கள். கூடுதல் ஆயில் கூலர் ஒன்று, வெப்பமானி ஒன்று. ஏற்றத்தில் டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) லாக் விட்டதும் சூடு கிடுகிடுவென்று ஏறும், ஈ4ஓடி கெட்டுப்போவது பெரும்பாலும் சூட்டினால்தான். அதை மாற்றுகிற செலவுக்கு உங்கள் 1,500 போதவே போதாது.

ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே ஓவர்டிரைவை (மேல் கியர்) அணைத்துவிட்டு, இரண்டாம் கியரில் 3,500 சுற்றில் ஓடவிடுங்கள். சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். மூன்றாம் கியரிலேயே மிதித்து அழுத்துவதுதான் கெடுதல்.

டியோகாவில் ஒன்றை எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதச் சக்தி குறையும். கணவாய் ஏறக்குறைய 9,900 அடி. அங்கே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழந்திருப்பீர்கள், எந்த ஹெடரும் அதை ஈடுகட்டாது. தண்ணீர்த் தொட்டியையாவது பாதி காலியாக வைத்துக்கொள்ளுங்கள், 40 கேலன் தண்ணீர் 330 பவுண்டு.

வழிப்போக்கன்:
சரி அக்கா, இன்டேக்கும் சிப்பும் இல்லை. ஹெடர், கன்வர்ட்டர், பிளக், ஒயர், சென்சார், கூலர். பட்ஜெட்டை மீறும் போலிருக்கிறது. எதையாவது தள்ளிப்போட வேண்டுமென்றால்?

பழைய இரும்பு:
ஹெடரைத் தள்ளிப்போடுங்கள். பழைய மேனிஃபோல்டில் விரிசல் இல்லாமல் இருந்தால், இன்ஜினோடு பொருந்தும் முகத்தை மெஷின் ஷாப்பில் சமப்படுத்தி, புதிய கேஸ்கெட், புதிய போல்ட்டோடு மாட்டலாம். கன்வர்ட்டரும் கூலரும் கட்டாயம். அடைப்பு நீங்கினாலே நீங்கள் கேட்ட இழுவையில் பெரும்பகுதி திரும்பிவிடும். ஹெடரே மாட்டினீர்களென்றால், ஸ்டார்ட்டர் கேபிளுக்கு வெப்பக் காப்பு சுற்றுங்கள், சில நூறு மைல் ஓடியதும் இன்ஜின் ஆறியபிறகு போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.