மறு: ஜெட் ஸ்கிக்குத் தமிழ்ச்சொல்: நீர்ச்சறுக்கியா, தாரையுந்தா?

> 'நீர்ச்சறுக்கி' என்றே வைத்துக்கொள்ளலாம். எளிதில் புரியும்.

வணக்கம் ஐயா. ஜெட் ஸ்கிக்கு, அதாவது பைக் போல ஏறி அமர்ந்து ஓட்டும் நீர்வண்டிக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் 'நீர்ச்சறுக்கி' என்று போட்டால் புரியும், ஆனால் தவறாகப் புரியும். காலில் பலகை கட்டிக்கொண்டு, இன்னொரு படகு இழுக்க வழுக்கிப் போகும் விளையாட்டைத்தான் நீர்ச்சறுக்கு என்கிறோம். 'விசைப்படகு' என்றும் சொல்ல முடியாது; அது நம் கரையில் மீன்பிடிப் படகு. 'ஜெட் ஸ்கி' கவாசாகியின் வணிகப்பெயர். யமாகா தன் வண்டியை 'வேவ்ரன்னர்' என்றுதான் விற்கிறது.

என் பரிந்துரை 'தாரையுந்து'. இதற்கு வெளியே சுழலும் விசிறி இல்லை, சுக்கானும் இல்லை. அடியிலுள்ள கம்பித்தட்டி வழியே நீர் உள்ளே வரும். பம்புசெட்டில் இருப்பது போன்ற இம்பெல்லர் (உள்ளே சுழலும் விசிறி) அதைப் பின்பக்கக் குழல்வாயில் தாரையாகப் பீய்ச்சும். கைப்பிடியைத் திருப்பினால் திரும்புவது அந்தக் குழல்வாய். தாரை நின்றால் திருப்பமும் போயிற்று. எதிரே ஆள் நீந்துவதைக் கண்டு பதறி ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், கைப்பிடியை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி ஏறக்குறைய நேராகவே போகும். ஒடிக்கும்போது ஆக்சிலேட்டரையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். பைக் பழகிய கைக்கு இது நேர்மாறு. சில புதிய வண்டிகளில் இதற்குத் துணை ஏற்பாடு உண்டு. அதை நம்பி இந்தப் பாடத்தைக் கைவிடக் கூடாது. பெயரிலேயே தாரை இருந்தால் சொல்லிக்கொடுப்பவருக்கு வேலை பாதி குறையும்.

---

> தாரையுந்து

தாரை என்றதும் தப்பட்டைதான் முதலில் காதில் விழுகிறது அம்மா. ஆனாலும் கண்ணீர் தாரை தாரையாக வழிகிறதே, அந்தப் பொருள் எல்லாருக்கும் தெரியும். ஏற்கிறேன்.

ஓட்டுநரின் மணிக்கட்டிலோ மிதவைச்சட்டையிலோ மாட்டும் சுருள்கயிற்றுக்கு 'உயிர்நாண்' எப்படி? பின்பக்க வடிகால் துளைகளின் மூடிக்கு 'வடிதக்கை', கடலோட்டம் முடிந்து நன்னீர் விடுவதற்கு 'கழுவல்' என்று குறித்திருக்கிறேன்.

---

'உயிர்நாண்' வேண்டாம் ஐயா. ஆளை வண்டியோடு கட்டிவைக்கும் கயிறு என்று எண்ணிவிடுவார்கள். ஆள் விழுந்ததும் இதன் முனை சுவிட்சிலிருந்து கழன்று இன்ஜின் நிற்க வேண்டும். 'நிறுத்துநாண்' அதைச் சொல்லிவிடுகிறது.

'வடிதக்கை' அருமை. கரையேற்றியதும் கழற்ற வேண்டும், இறக்குமுன் முறுக்க வேண்டும். மறந்தால் அடிப்பகுதியில் நீர் ஏறும்.

'கழுவல்' மேலே சோப்புப் போடுவது போல இருக்கிறது. நீர் பாய்வது இன்ஜினைக் குளிர்விக்கும் உள்வழிகளில்; ஆகவே 'உள்ளலசல்'. வரையறையில் வரிசையும் இடம்பெற வேண்டும்: முதலில் இன்ஜினை ஓடவிட்டு, பிறகு தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும்; முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, பிறகு இன்ஜினை நிறுத்த வேண்டும். இன்ஜின் ஓடும்போதுதான் புகை அந்த நீரை வெளியே தள்ளும். ஓடாதபோது குழாயைத் திறந்தால் நீர் புகைக்குழாயில் நிரம்பி சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

டிரெய்லருக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ஆனால் வண்டியை அதோடு கட்டும் 'முன்பட்டை', 'பின்பட்டை' இரண்டும் தனிப் பதிவாக வேண்டும். மூக்கில் வின்ச் (சுற்றி இழுக்கும் உருளை) பட்டை மட்டும் மாட்டி நெடுஞ்சாலையில் போனால் பின்பகுதி துள்ளித் துள்ளி மேடையை விட்டு நகரும். பின்பக்கம் இரண்டு பட்டைகள் கட்டாயம், மூக்கில் தனிச் சங்கிலியும். டிரெய்லரும் தாரையுந்தும் சேர்ந்த எடையில் சுமார் 10% இழுக்கும் கொக்கியின்மேல் அமர வேண்டும். குறைந்தால் பின்னால் வருவது பாம்பாய் நெளியும்.

விடுபட்டது ஒன்று: கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தும் திசை. பின்பக்கம் அம்புக்குறி ஒட்டியிருக்கும். மாற்றிப் புரட்டினால் புகைக்குழாயில் தேங்கிய நீர் இன்ஜினுக்குள் போய்விடும். 'நிமிர்திசை' என்று பதியலாமா?