பழைய டீசல் இன்ஜின்: இறக்குவதா, வைத்தே ஓட்டுவதா?

படகு 42 அடி. உள்ளே இரண்டு டெட்ராய்ட் டீசல் 6-71. ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு 71 கன அங்குலம் என்று பெயரிலேயே கணக்கு இருக்கும். 1938-ல் வந்த குடும்பம் அது. என்னிடம் இருப்பவை அவ்வளவு கிழம் இல்லை, என்றாலும் 36 வயது. ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர் 5,800-ல் நின்றுகிடக்கிறது. எப்போது நின்றது என்று முந்தைய உரிமையாளருக்கே தெரியவில்லை.

இடது இன்ஜின்தான் படுத்துகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிடம் வெள்ளைப் புகை. பின்பக்கத் தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம். த்ராட்டிலை முழுக்கத் தள்ளினாலும் நிமிடத்துக்கு 1,950 சுற்றைத் தாண்டமாட்டேன் என்கிறது, வரவேண்டியது 2,300. வலது இன்ஜின் 2,200 வரை போகிறது. ஆயில் குடிப்பது இரண்டும்தான், இடது கொஞ்சம் கூடுதல்.

பார்க்க வந்த மெக்கானிக் இன்ஜின் ரூமுக்குள் இறங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. "ரெண்டையும் தூக்கிடுங்க சார், புதுசு போட்டா பத்து வருஷம் கவலையில்ல" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் புது இன்ஜின் விற்பவரும் அவரே. மாற்றியவர்கள், மாற்றாமல் விட்டவர்கள் எல்லோரும் உங்கள் கதையைச் சொல்லுங்கள். மாற்றிவிட்டு நொந்தவர்கள் இருந்தால் முதலில் வாருங்கள்.

* * *

மாற்றியவன் நான். வருத்தம் இல்லை. ஆனால் முழுக் கணக்கையும் யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தத் தைரியம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

என்னுடையவை கேட்டர்பில்லர் 3208. அதில் தனி லைனர் (சிலிண்டருக்குள் செருகும் உறை) கிடையாது, பிஸ்டன் நேராக பிளாக்கிலேயே ஓடும். போர், அதாவது சிலிண்டர் துளை, தேய்ந்துவிட்டால் படகுக்குள் வைத்தே லைனரைக் கழற்றி மாட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. வெளியே எடுத்துத் துளையை மறுபடி கடைய (ரீபோர்) வேண்டும். எப்படியும் வெளியே எடுக்கப்போகிறோம், அப்புறம் பழையதையே எதற்குத் திரும்ப இறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இன்ஜின் விலை மொத்தச் செலவில் பாதிகூட வரவில்லை. படகைக் கட்டியவர்கள் முதலில் இன்ஜினை வைத்துவிட்டு அதன்மேல் தளத்தைப் போட்டிருந்தார்கள், அதனால் சலூன் (படகின் கூடம்) தரையை அறுத்தோம். புது இன்ஜினின் கால்கள் பழைய படுக்கையில் உட்காரவில்லை. படுக்கையை வெட்டிப் புதிதாகக் கட்டினோம். சுற்று வேகம் வேறு, ஆகவே கியர்பாக்ஸ் வேறு. கியர்பாக்ஸ் வேறு என்றால் ப்ரொப்பல்லர் வேறு. திருப்புவிசை கூடியதால் ஷாஃப்ட்டும் தடிமனாக வேண்டும் என்றார்கள். எக்ஸாஸ்ட் குழாயைப் பெரிதாக்கினோம். கண்ட்ரோல் கேபிள், வயரிங், டேஷ்போர்டு எல்லாம் போச்சு. ஆறு வாரம் என்று தொடங்கிய வேலை ஐந்து மாதம் இழுத்தது.

ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கேளுங்கள். ஷாஃப்ட் அலைன்மென்ட்டை, அதாவது இன்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பதை, படகு கரையில் நிற்கும்போதே முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது ஹல்லுக்கு (படகின் உடலுக்கு) ஒரு வடிவம், மிதக்கும்போது இன்னொரு வடிவம். தண்ணீரில் இறக்கி ஒரு நாளாவது விட்டு, கியர்பாக்ஸும் ஷாஃப்ட்டும் சேரும் கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கு நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் தகடு) விட்டுச் சுற்றிலும் பார்க்க வேண்டும். கப்ளிங்கின் விட்டத்தில் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம், அதற்குமேல் வித்தியாசம் கூடாது. என் படகில் கரையில் கச்சிதமாக இருந்தது, மிதந்ததும் அந்த வரம்பைப்போல இரண்டு மடங்கு விலகியிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு முதல் பயணத்திலேயே நடுவழியில் நின்றோம். புது இன்ஜின் காமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை. இன்ஜெக்‌ஷன் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே, அதற்குத் துளி தண்ணீரோ தூசியோ ஆகாது. டேங்க்குகள் மட்டும் பழசு. முப்பது வருடக் கசடு அலையில் கலங்கி ஃபில்டரில் வந்து அடைத்துவிட்டது. பழைய இன்ஜின் அதையெல்லாம் குடித்துவிட்டுப் பேசாமல் ஓடியிருக்கும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. டேங்க்கைச் சுத்தம் செய்த பிறகு இன்றுவரை ஒரு தொல்லையும் இல்லை. புகை இல்லை, சலூனில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசலாம்.

* * *

நான் மாற்றாதவன். மாற்ற அட்வான்ஸ் கொடுக்கவே கிளம்பியவன்.

வேகம் எடுத்தால் சூடு ஏறும், குறைத்தால் இறங்கும். "வயசாச்சு, பிளாக்கே அடைச்சிருக்கும்" என்றார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் எதற்கும் பார்ப்போமே என்று கடல் தண்ணீரால் கூலன்ட்டைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைக் கழற்றினேன். குழாய்களின் வாயில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. குறட்டால் இழுத்தால் ரப்பர். கடல் தண்ணீர் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லரின் இறகு! ஒன்று, இரண்டு என்று நான்கு துண்டு வந்தன. நான் வாங்கிய நாளிலிருந்து இம்பெல்லர் உடைந்ததே இல்லை. ஆக எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் உடைந்திருக்கிறது. புது இம்பெல்லரைப் போட்டவர் பழைய இறகுகள் எங்கே போயின என்று தேடவே இல்லை. மிச்சக் குழாய்களில் பாதி உப்புப் படிந்து மூடியிருந்தன. சுத்தம் செய்து மாட்டியதும் சூடு பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி கேட்ட நண்பருக்கு: அந்த 1,950 என்ற எண்ணை நம்பாதீர்கள். பழைய முள் டேக்கோமீட்டர் (சுற்று வேகம் காட்டும் மீட்டர்) இரண்டு பக்கமும் பொய் சொல்லும். கிராங்க் புல்லியில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, கையில் பிடிக்கும் ஆப்டிகல் டேக்கோவைக் காட்டிப் பாருங்கள். உண்மை எண் தெரிந்த பிறகும் 2,300 வரவில்லை என்றால் ப்ரொப்பல்லரைப் பாருங்கள். இத்தனை வருடத்தில் படகில் ஏறிய ஏசி, ஜெனரேட்டர், குட்டிப் படகு எல்லாம் எடைதானே? அன்றைய எடைக்குப் பொருத்தமாக இருந்த ப்ரொப்பல்லர் பிட்ச் (இறகின் சாய்வு) இன்றைக்கு அதிகம். ஏறமுடியாத கியரில் மலை ஏறுகிற லாரி மாதிரி இன்ஜின் முக்கிக்கொண்டே ஓடும், கறுப்புப் புகை தள்ளும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். அந்தக் கொடுமையில் புது இன்ஜினும் சீக்கிரம் கிழமாகிவிடும்.

* * *

இருபது வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், புது இன்ஜின் விற்பதில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

படகுக்குள் பொருத்தும் டீசல்கள் ஓடித் தேய்ந்து சாவதைவிடக் கடல் தண்ணீரால் சாவதுதான் நான் அதிகம் பார்த்தது. எக்ஸாஸ்ட் எல்போ (புகையும் குளிர்விக்கும் தண்ணீரும் கலக்கும் வளைவுக் குழாய்) உள்ளுக்குள் அரித்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் திரும்பும். வெளியே பெயின்ட் புதிதாக இருக்கும். அதைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் சாம்பிளை லேபுக்கு அனுப்புங்கள், ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு முறையும் இன்ஜின் சம அளவு மணி நேரம் ஓடிய பிறகு, இரண்டு மூன்று தடவை. இரும்பும் குரோமியமும் ஏறிக்கொண்டே போனால் லைனரும் பிஸ்டன் ரிங்கும் தேய்கின்றன. சோடியம் வந்தால் கடல் தண்ணீரோ கூலன்ட்டோ உள்ளே வருகிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்து பாருங்கள்.

6-71 வைத்திருப்பவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. பிளாக்கின் பக்கத்தில் ஏர் பாக்ஸ் (சிலிண்டருக்குக் காற்று போகும் அறை) மூடிகள் இருக்கும். அதைத் திறந்து டார்ச் அடித்து, கிராங்க்கைக் கையால் சுற்றினால் லைனரின் ஓட்டைகள் வழியே பிஸ்டனும் ரிங்கும் கண்ணுக்கு நேரே வரும். ஹெட்டைத் திறக்கவே வேண்டாம். வேறு பல இன்ஜின்களில் இந்தக் கொடுப்பினை கிடையாது. 6-71-ல் லைனர், பிஸ்டன் எல்லாம் படகுக்குள்ளேயே வைத்து மாற்றலாம். அந்த மெக்கானிக் மூடியைத் திறந்தாரா? கால் மணி நேரத்தில் திறந்திருக்க வாய்ப்பில்லை.

ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். ஒரு மாட்டையும் ஒரு குதிரையையும் பூட்டின வண்டி அது.

* * *

டீசல் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு மாற்ற நினைப்பவர்களுக்கு என் நோட்டுப் புத்தகத்திலிருந்து: நான் வருடத்துக்கு ஓட்டுவது 80 மணி நேரம், மணிக்கு 40 லிட்டர். மொத்தம் 3,200 லிட்டர். புது இன்ஜின் நூற்றுக்குப் பதினைந்து மிச்சம் பிடித்தாலும் வருடத்துக்கு 480 லிட்டர். இன்ஜின் விலையை அந்த 480-ஆல் வகுத்துப் பாருங்கள். என் பேரன்தான் லாபத்தைப் பார்ப்பான்.

வேகமும் அப்படித்தான். தண்ணீரை விலக்கிக்கொண்டு மெதுவாகப் போகும் டிஸ்பிளேஸ்மென்ட் ஹல் என்றால், நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்கள். 36 அடிக்கு 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்). அதற்குமேல் எத்தனை குதிரைசக்தி வைத்தாலும் பின்னால் அலைதான் பெரிதாகும்.

* * *

மூன்றாவது வழியையும் யாராவது சொல்ல வேண்டும். நான் படகை அப்படியே விற்றுவிட்டு, ஏற்கெனவே இன்ஜின் மாற்றியிருந்த படகை வாங்கினேன். மாற்றியவர் போட்ட பணத்தில் பாதிகூட விலையில் அவருக்குத் திரும்பவில்லை. அவருக்காக வருத்தப்பட்டேன், கொஞ்ச நேரம்.

* * *

கேள்வி கேட்டவன் மறுபடியும். இரண்டு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

ஆப்டிகல் டேக்கோ காட்டியது: இடது 2,080, வலது 2,190. அதாவது இடது மீட்டர் பொய் சொல்லியிருக்கிறது, ஆனால் முழுப் பொய் இல்லை. ஏர் பாக்ஸ் மூடிகளை நானும் என் மைத்துனரும் திறந்தோம். முதல் மூன்று சிலிண்டரில் ரிங்குகள் பளபளவென்று இருந்தன, விரல் நுனியில் எண்ணெய் ஈரம் மட்டும். நான்காவதில் ஒரு ரிங் உடைந்திருந்தது. அதன் விளிம்பு லைனரில் நகத்தால் கீறியது போல நெடுகக் கோடு போட்டிருந்தது. மைத்துனர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "இதுக்காகவா மாமா ரெண்டு இன்ஜின தூக்க இருந்தோம்" என்றார். ஐந்தும் ஆறும் சுத்தம்.

நான்காவதற்கு மட்டும் பிஸ்டன், லைனர் கிட். இரண்டு இன்ஜினுக்கும் இன்ஜெக்டர்கள் செட்டாக. ப்ளோயர் (இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் கருவி) சீல்களும் கசிந்தன, ஆயில் போன வழிகளில் அதுவும் ஒன்று. ப்ரொப்பல்லர் இரண்டிலும் பிட்ச்சை ஒரு அங்குலம் குறைத்தோம். இப்போது இடது 2,270, வலது 2,300. காலைப் புகை இரண்டு நிமிடத்தில் அடங்குகிறது.

வலது இன்ஜினின் மூடிகளை இன்னும் திறக்கவில்லை. எக்ஸாஸ்ட் மானிஃபோல்டை நகர்த்தாமல் அங்கே கை போகாது. முதல் ஆயில் சாம்பிளில் இரும்பு கொஞ்சம் தூக்கலாக வந்திருக்கிறது. இரண்டாவது சாம்பிள் பாட்டில் நிரப்பி மேஜைமேல் இருக்கிறது, நாளை அனுப்புகிறேன்.