கலைச்சொல் வேண்டல்: வயலில் வால்வைத் திறக்கும் ‘ஆக்சுவேட்டர்’

குழுமத்தாருக்கு வணக்கம்.

உழவர் பயிற்சி வகுப்பொன்றுக்காகத் தானியங்கிச் சொட்டுநீர்ப் பாசனக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். மண்ணில் 15, 30 சென்டிமீட்டர் ஆழங்களில் பதித்த ஈரப்பத உணரிகள் தம் அளவீட்டை வானலை வழியே அனுப்புகின்றன; கட்டுப்பாட்டுப் பெட்டி அதை உழவர் குறித்துவைத்த வரம்போடு ஒப்பிடுகிறது; மண் அவ்வரம்பைத் தாண்டி உலர்ந்துவிட்டால், ஆள் வராமலே வால்வு திறக்கிறது. ‘சென்சர்’ என்பதற்கு ‘உணரி’ நிலைத்துவிட்டது. ‘ஆக்சுவேட்டர்’ என்பதற்கு ‘இயக்கி’ என எழுதலாமா? கணினித் துறையில் அச்சொல் ‘டிரைவர்’ என்னும் மென்பொருளைக் குறிப்பதால் தயங்குகிறேன். தங்கள் கருத்தை அறியத் தாருங்கள்.

மறுமொழி 1

‘உணரி’ நிலைத்துவிட்டது என்பதையே நான் ஏற்கவில்லை. உணர்தல் மனத்தின் தொழில். தொல்காப்பிய மரபியல் ‘ஒன்றறி வதுவே உற்றறி வதுவே’ எனத் தொடங்கி, தொட்டறியும் அறிவை முதற்படியாக வைத்து, அதைப் புல்லுக்கும் மரத்துக்கும் உரியதாக்குகிறது. மண்ணைத் தொட்டபடி கிடந்து அதன் ஈரத்தை அறியும் கருவிக்கு ‘உற்றறிவி’ என்பதைவிடப் பொருந்தும் பெயர் உண்டா? வரம்புக்கும் பழஞ்சொல் இருக்கிறது. ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ என்ற குறளில், ஒரு பலப் புழுதி கால் பலமாகும் அளவுக்கு உலர்த்தச் சொல்கிறார் வள்ளுவர். மண் எவ்வளவு உலரலாம் என்பதற்கு எடையால் அளவு குறித்திருக்கிறார். ஆகவே ‘உணக்கு வரம்பு’ என்க.

கேட்ட சொல்லுக்கு வருகிறேன். ‘அரசன் கோயில் கட்டினான்’ என்பதில் அரசன் ஏவுதற்கருத்தா, அதாவது பிறரை ஏவிச் செய்விப்பவன். ‘தச்சன் கோயில் கட்டினான்’ என்பதில் தச்சன் இயற்றுதற்கருத்தா, அதாவது தானே செய்பவன். தங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏவுகிறது, வால்வின் மேலுள்ள கருவி இயற்றுகிறது. எனவே முன்னது ‘ஏவி’, பின்னது ‘இயற்றி’. ‘இயக்கி’ என்றால் இரண்டும் கலங்கிப்போகும்.

மறுமொழி 2

ஐயா, தங்கள் புலமைக்கு வணக்கம். ஆனால், ‘உற்றறிவி’ என்று அச்சிட்ட பக்கத்தை எங்கள் பகுதி உழவர் ஒருவரும் இரண்டாம் வரிக்கு மேல் படிக்க மாட்டார். 2004-05இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வழியாகத் பயிருக்கு வேண்டிய நீரையும் உரத்தையும் அளந்து கொடுக்கும் துல்லியப் பண்ணையத் திட்டம் நடந்தபோது, ‘துல்லியம்’, ‘பண்ணையம்’ இரண்டுமே முன்பே காதில் விழுந்த சொற்கள் என்பதால் அவற்றை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிணற்று மோட்டாரைச் செல்பேசியிலேயே ஓடவிடுபவர்கள் அதை ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை அவர்களிடமிருந்து பறிக்க நமக்கு என்ன உரிமை?

‘இயற்றி’ பொருளாலும் பொருந்தாது. சொட்டுநீர்ப் பாசனத்தில் பரவலாகப் பயன்படும் மின்காந்த வால்வைக் கழற்றிப் பாருங்கள். 24 வோல்ட் மின்சாரம் பாய்ந்ததும் சுருளுக்குள் இருக்கும் சிறு தண்டு மேலெழுந்து ஒரு நுண்துளையைத் திறக்கிறது. ரப்பர்ச் சவ்வின் மேலிருந்த அழுத்தம் அத்துளை வழியே வடிந்துபோக, குழாயில் வரும் நீரின் அழுத்தமே சவ்வைத் தூக்கி வழிவிடுகிறது. ஆகவே பெரிய வேலையைச் செய்வது நீர்தான். கருவி செய்வது சிறு திறப்பு மட்டுமே. தெளிப்பான், சொட்டுவான் என்ற சொற்கள் வயலில் ஏற்கெனவே புழங்குகின்றன. அவற்றோடு சேர்த்துத் ‘திறப்பான்’ என்றால் போதும்.

மறுமொழி 3

‘திறப்பான்’ இனிய சொல்தான், ஆனால் வால்வோடு நின்றுவிடும். பசுமைக்குடிலின் பக்கத்திரையைச் சுருட்டும் மோட்டாரும், உரக்கரைசலைச் செலுத்தும் பம்பும் அதே வகுப்பைச் சேர்ந்தவை. அவை எதையும் திறப்பதில்லை. பெட்டியின் சொல்லைச் செயலாக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேற்சொன்ன நுண்துளையில் ஒரு மணல் துகள் சிக்கிக்கொண்டால், செல்பேசித் திரை ‘மூடப்பட்டது’ என்று காட்டும். வயலிலோ நீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஏவியது வேறு, நடந்தது வேறு. வடிகட்டியைக் கழுவாத தோட்டத்தில் எந்தத் தானியங்கியையும் நம்ப முடியாது. புலவர் ஐயா சொன்ன கருத்தா வேறுபாட்டின் பயன் இங்கேதான் இருக்கிறது. சொற்களை எப்படி வைத்தாலும் அந்த வேறுபாட்டைக் கைவிடாதீர்கள்.

மறுமொழி 4: கேட்டவரிடமிருந்து

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பாலோர் ‘இயக்கி’ போதும் என்கிறார்கள். கட்டளையிடுவதைக் ‘கட்டுப்படுத்தி’ என்றும், அதை நிறைவேற்றுவதை ‘இயக்கி’ என்றும் கையேடு முழுவதும் பிரித்தே எழுதுகிறேன். படவிளக்கத்தில் மட்டும் ‘வால்வுத் திறப்பான்’ வரும். திரையில் ‘மூடப்பட்டது’ என வருவது கட்டளை போய்ச்சேர்ந்ததைத்தான் குறிக்கிறது, நீர்மானியின் ஓட்டம் நின்றதா என்று பார்க்க வேண்டும் என ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். ‘உணரி’யை மாற்றவில்லை.

மறுமொழி 5

காலக்கெடு கருதி வற்புறுத்தவில்லை. ஆயினும் ‘இயக்கி’ என்பது ‘இயக்கு’ என்னும் பிறவினையடியாகப் பிறந்தது; பம்பை ஓடவிடும் கட்டுப்படுத்தியையும் அதே பெயரால் அழைக்க இடம் தருகிறது. ‘இயற்றி’ என்ற என் முன்மொழிவைச் சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகவாவது பதிந்துவையுங்கள்.