அம்மாவிடம் தினமும் பேச எந்த சிம் வாங்கலாம்?

நண்பர்களே, அடுத்த மாதம் பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று வாரப் பயணம். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், வாட்ஸ்அப் கிடையாது. ஆகவே சர்வதேச அழைப்பு மலிவாக இருக்கும் பிரீபெய்டு சிம் வேண்டும். போன முறை ரோமிங்கில், "மாத்திரை போட்டாயா அம்மா" என்று கேட்டு முடிப்பதற்குள் பணம் தீர்ந்து இணைப்பு அறுந்தது. இரவு முழுக்க அவர் தூங்கவில்லை.

2017 முதல், ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றின் சிம்மை மற்ற உறுப்பு நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சுவிட்சர்லாந்து அதில் சேராது. அங்கேதான் பத்து நாள் தங்குகிறேன். பயண இ-சிம்கள் பலவற்றில் டேட்டா மட்டுமே, பேசுவதற்கு எண் இல்லை.

ஒரே சிம் போதுமா, சுவிட்சர்லாந்துக்குத் தனியாக வாங்குவதா? அண்மையில் போய்வந்தவர்கள், நிமிடத்துக்கு எவ்வளவு ஆனது என்று தயவுசெய்து சொல்லுங்கள். வங்கி ஓடிபி வருவதற்குப் பழைய சிம்மும் போனிலேயே இருந்தாக வேண்டும்.