கோச் ஓவன் கோய்ல் இருக்கட்டுமா, போதுமா? (சென்னையின் எஃப்சி, 2024-25 சீசன் முடிவு)

மூலை_இருக்கை எழுதியது:

நமக்கு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து சீசன் முடிந்துவிட்டது. இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடுவதை இங்கே கொட்டிவிடுகிறேன், திட்டுவதாக இருந்தாலும் திட்டுங்கள்.

பதிமூன்று அணியில் பதினோராவது இடம். நமக்குக் கீழே ஹைதராபாத்தும் முகமதனும் மட்டும்தான். 24 ஆட்டத்தில் 27 பாயின்ட். போன சீசனிலும் இதே 27 தான், ஆனால் அது 22 ஆட்டத்தில் வந்தது, ஆறாவது இடத்தைத் தொற்றிப் பிடித்து ப்ளே ஆஃப் வரை போய் கோவாவிடம் 2-1 என்று தோற்றோம். அன்றைக்குத் தோற்றபோது எனக்கு வருத்தமே இல்லை, நாலு வருஷம் கழித்து ப்ளே ஆஃப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது. அடுத்த வருஷம் இன்னும் ஒரு படி மேலே என்று நம்பினேன். பாருங்கள் எங்கே வந்து நிற்கிறோம் என்று.

கடைசி மேட்ச், மார்ச் 9, ஜாம்ஷெட்பூருக்கு எதிராக, நேரு ஸ்டேடியம் போயிருந்தேன். என்னோடு வழக்கமாக உட்காரும் மூன்று பேரில் ஒருவர்தான் வந்தார். அவரும் மொபைலில் துபாய் சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல் ஸ்கோரைப் பார்த்தபடியே இருந்தார், அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அன்றைக்குப் பார்த்து நம்ம பசங்க 5-2 என்று பிரித்து மேய்ந்துவிட்டார்கள். கத்தித் தொண்டை போனது. வெளியே வந்து பைக்கை எடுக்கும்போதுதான் கோபமே வந்தது.

ஏனென்றால் நவம்பரில் இதே ஜாம்ஷெட்பூரை அவர்கள் ஊரிலேயே 5-1 என்று அடித்திருக்கிறோம். டேபிளில் ஐந்தாவதாக இருக்கும் அணிக்கு எதிராக இரண்டு ஆட்டத்தில் பத்து கோல்! அதே நாம்தான் செப்டம்பரில், ஐஎஸ்எல்லுக்குப் புதிதாக வந்த முகமதனிடம் சொந்த ஊரில் 1-0 என்று தோற்றோம், ஜனவரியில் கொல்கத்தா போய் 2-0 முன்னிலையை இஞ்சுரி டைமில் கோட்டைவிட்டு 2-2 என்று திரும்பி வந்தோம். கடைசி இடத்தில் முடித்த அணியிடம் ஆறு பாயின்டில் ஒன்றே ஒன்று.

இதற்குக் கோச்சைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் 2020ல் இதே கோய்ல் நம்மை ஃபைனலுக்குக் கூட்டிப்போனதை நினைத்தால் வாய் வரமாட்டேன் என்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.

---

பெரம்பூர்_லோக்கல்:

போகட்டும் பாஸ். நல்ல மனுஷன், மரியாதையாக ஒரு சால்வை போர்த்தி அனுப்பி வையுங்கள்.

எனக்கு முடிவாகிவிட்டது ஜனவரி 30 அன்றைக்கு. கேரளா பிளாஸ்டர்ஸ் மேட்ச். ஆபீஸில் பொய் சொல்லிவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தால் மூன்றாவது நிமிடத்தில் கோல் வாங்கியாகிவிட்டது. 37வது நிமிடம் நம்ம வில்மர் ஜோர்டான் கில்லுக்கு ரெட் கார்டு. அப்புறம் என்ன, 3-1. கேலரியில் பார்க்கும் பக்கமெல்லாம் மஞ்சள் சட்டை, அது நம்ம ஊர் ஸ்டேடியமா அவர்கள் ஊர் ஸ்டேடியமா என்றே தெரியவில்லை. முடிந்து பெரியமேட்டில் இருந்து சென்ட்ரல் வரை நடக்கிறேன், எனக்குப் பின்னாடியே ஒரு பத்துப் பதினைந்து சேட்டன்கள் செண்டை வாசித்துக்கொண்டு வருகிறார்கள். ரிப்பன் மாளிகை வரைக்கும் விடவில்லை. லோக்கல் ஏறி உட்கார்ந்த பிறகும் காதில் அந்தச் சத்தம்தான்.

ரெட் கார்டுக்குக் கோச் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். சரி, அது ஒரு நாள். நவம்பரில் கொச்சியில் 3-0 வாங்கினோமே, அதற்கு யார் ரெட் கார்டு வாங்கினார்கள்? பிப்ரவரியில் ஈஸ்ட் பெங்கால் நம் ஊருக்கு வந்து 3-0 என்று வைத்துவிட்டுப் போனார்களே? சீசன் முழுக்க ஒரே கதை. ஃபுல்பேக் இரண்டு பேரும் மேலே ஏறிவிடுகிறார்கள், நடுவில் பந்து பறிபோனால் டிஃபெண்டர் ரயன் எட்வர்ட்ஸ் ஒற்றை ஆளாக மூன்று பேரைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடக்கிறார். செப்டம்பரில் பார்த்த ஓட்டை பிப்ரவரியிலும் அப்படியே இருந்தால் அது பிளேயர் தப்பு இல்லை.

---

பழைய_கணக்கு:

கொஞ்சம் பொறுங்கள். கோச்சை மாற்றிப் பார்ப்பது என்ற வைத்தியத்தை நாம் ஏற்கெனவே மூன்று தடவை செய்து பார்த்திருக்கிறோம், மறந்துவிட்டீர்களா?

2020ல் ஃபைனல் முடிந்து கோய்ல் ஜாம்ஷெட்பூர் போனார். நாம் சாபா லாஸ்லோவைக் கொண்டுவந்தோம்: எட்டாவது இடம். அவரை அனுப்பிவிட்டு போஸிதார் பாண்டோவிச். அவரையும் சீசன் முடியும் முன்பே அனுப்பி, கடைசி மேட்சுகளுக்கு சையத் சபீர் பாஷாவை நிற்க வைத்தோம்: எட்டாவது இடம். அடுத்து தாமஸ் பிரடாரிச்: எட்டாவது இடம். ஹங்கேரிப் பெயர், மாண்டினீக்ரோ பெயர், ஜெர்மன் பெயர் என்று விதவிதமாக எழுதிப் பார்த்தாகிவிட்டது, டேபிளில் மட்டும் அதே எட்டு. யாரோ பெயின்ட் அடித்து வைத்த மாதிரி.

அந்த மூன்று வருஷத்துக்கு நடுவில் கோய்ல் என்ன செய்தார் தெரியுமா? ஜாம்ஷெட்பூருக்கு 2021-22ல் லீக் ஷீல்டு (டேபிளில் முதலிடத்துக்கான பரிசு) வாங்கிக் கொடுத்தார், 20 ஆட்டத்தில் 43 பாயின்ட். அவர் திரும்பி வந்த முதல் சீசனில்தான் நமக்கு அந்த எட்டு ஆறாக மாறியது. மார்ச் கடைசியில் சால்ட் லேக்கில் மோகன் பகானை 3-2 என்று பின்னால் இருந்து வந்து ஜெயித்தோமே, இர்ஃபான் யாத்வாட் கடைசியில் போட்ட கோல், அன்றைக்கு இங்கே "கோய்லுக்குச் சிலை வையுங்கள்" என்று எழுதியவர்கள் யார் யார் என்று தேடிப் போடட்டுமா?

இந்த சீசன் மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் இர்ஃபானை இந்த அளவுக்குத் தேற்றி எடுத்தது யார்? கானர் ஷீல்ட்ஸ் மேட்சுக்கு மேட்ச் தட்டில் வைத்துக் கொடுத்த பந்துகளில் பாதியை உள்ளே தள்ளியிருந்தால் நாம் இந்த விஷயத்தைப் பேசவே மாட்டோம். நடுவில் விரிசல் விட்ட வீட்டுக்கு வாட்ச்மேனை மாற்றிப் பயனில்லை என்பது என் கட்சி.

---

கோவை_லெஃப்ட்பேக்:

பழைய_கணக்கு அண்ணே, கணக்கு நன்றாகத்தான் போடுகிறீர்கள், ஆனால் 2020க்கு அப்புறம் மட்டும் போடுகிறீர்கள். இரண்டு பக்கம் முன்னால் புரட்டுங்கள்.

2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். கோச் ஜான் கிரகரி. மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று, 3-2, இரண்டாவது கோப்பை. நான் கோயம்புத்தூரில் இருந்து பஸ் பிடித்து அங்கே போயிருந்தேன், அந்த ராத்திரியை விடுங்கள், அதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். அடுத்த சீசன் என்ன ஆனது? 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 பாயின்ட், கடைசி இடம். அப்போதும் இதையேதான் சொன்னோம்: கப் ஜெயித்துக் கொடுத்தவர், ஒரு மோசமான சீசனை வைத்து அனுப்பலாமா, நன்றி இல்லையா என்று. வைத்துக்கொண்டோம். 2019-20ல் ஆறு மேட்ச் கூட அவரால் தாண்ட முடியவில்லை, நவம்பர் கடைசியில் கிளம்பிவிட்டார்.

அப்புறம் யார் வந்தார்? டிசம்பரில் கோய்ல் வந்தார். அடிமட்டத்தில் கிடந்த அதே அணி, அதே பிளேயர்கள், வல்ஸ்கிஸ் வரிசையாகக் கோல் போட ஆரம்பித்தார், நாலாவது இடம். செமி ஃபைனலில் கோவாவைச் சென்னையில் 4-1, அங்கே போய் 4-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 6-5. ஃபைனல், கொரோனாவுக்கு ஆளில்லாத ஃபட்டோர்டா ஸ்டேடியத்தில் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றோம்.

இப்போது யோசியுங்கள் அண்ணே. கோய்லை வைத்துக்கொள்ள நாம் எல்லோரும் காட்டும் ஒரே சாட்சி அந்த 2020 ஃபைனல். அந்த ஃபைனல் கிடைத்ததே கோச்சை மாற்றியதால்தான்! இவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இவரை மாற்றக்கூடாது என்று சொல்வது எனக்குச் சிரிப்பாக வருகிறது.

இன்னொன்று. இவருடைய பழைய வரலாற்றையும் பாருங்கள். இங்கிலாந்தில் பர்ன்லியை 2009ல் பிரீமியர் லீகுக்கு ஏற்றினார், வந்த வேகத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று அடித்தார்கள், பிரமாதம். அடுத்து போல்டன். தொடக்கம் நன்றாக இருந்தது, 2012ல் கீழ் லீகுக்கு இறங்கினார்கள். சூடு ஏற்றத் தெரிந்த மனுஷன், அதே சூட்டில் வைத்திருக்கத் தெரியவில்லை. நாலு மாசம் ஒரு அணியைத் தூக்கி நிறுத்த வேண்டுமா, இவரைவிட ஆள் கிடையாது. மூன்றாவது சீசனுக்கு இவர் வேண்டாம்.

---

கொச்சியில்_நீலம்:

நவம்பர் 3-0 மேட்சை கலூரில் நேரில் பார்த்த பாவி நான். நீலச் சட்டையை பையில் மறைத்துக்கொண்டு மெட்ரோ ஏறினேன். என் ஓட்டு: போகட்டும். விளக்கம் கேட்காதீர்கள்.

---

வியாசர்பாடி_பையன்:

எல்லோரும் ஸ்காட்லாந்துக்காரர் கோய்லைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன், அவர் கையில் இருந்த ஆட்கள் யார்?

அனிருத் தாபா, பொடியனாக இங்கே வந்து வளர்ந்தவர், 2023ல் மோகன் பகான். ரஹீம் அலி, போன வருஷம் ஒடிசா. நந்தகுமார், நம்ம ஊர்ப் பையன், நம்மிடம் இருந்தவர்தான், பெஞ்சிலேயே உட்கார வைத்து அனுப்பினோம், 2023 டூரண்ட் கப் டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு அவர் போட்ட கோலை நாங்கள் இங்கே டீக்கடையில் நின்று பார்த்தோம். எங்கள் பக்கம் நாலு தெருவுக்கு ஒரு ஆள் பந்தோடுதான் திரிவான், தனபால் கணேஷ் இங்கிருந்து போய் 2018 கப்பைத் தூக்கியவர். அந்த மாதிரி அடுத்த ஆள் யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஐஎஸ்எல்லில் ஒரு நேரத்தில் நாலு வெளிநாட்டுக்காரர்தான் களத்தில் இருக்க முடியும், மீதி ஏழு பேர் இந்தியர்கள். அந்த ஏழு பேரைச் சேர்ப்பதில்தான் நாம் ஒவ்வொரு வருஷமும் தோற்கிறோம், கோச் வந்து சேருவதற்கு முன்பே.

அதனால் கோய்ல் பாவம் என்று சொல்ல வரவில்லை. போகட்டும், ஆனால் அடுத்து ஒரு இந்தியக் கோச்சைக் கொண்டுவாருங்கள். நாம் பத்து கோல் போட்ட அதே ஜாம்ஷெட்பூருக்கு இந்த 2024-25 சீசனில் கோச்சாக இருந்தவர் யார்? காலித் ஜமில். 2017ல் ஐஸ்வாலை வைத்து ஐ-லீக் ஜெயித்தவர். அவரிடம் இருக்கும் ஆட்களையும் நம்மிடம் இருக்கும் ஆட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இல்லை. நம்மிடம் ஐந்து ஐந்தாக வாங்கியும் அவர் ஐந்தாவது, நாம் பதினொன்று. ஏன்? முகமதன் மாதிரி ஆட்களிடம் அவர் பாயின்டை விடமாட்டார். பார்க்க அசிங்கமாக இருக்கும், 1-0 என்று முடிப்பார், பஸ் ஏறிப் போய்விடுவார்.

---

பழைய_கணக்கு:

கோவை தம்பி, அந்த கிரகரி பாயின்ட் வலிக்கிற இடத்தில் குத்திவிட்டீர். ஒத்துக்கொள்கிறேன், நானும் 2019ல் அவரை வைத்திருக்க வேண்டும் என்று மல்லுக்கட்டியவன்தான்.

ஆனால் வியாசர்பாடி சொல்வதைத்தானே நானும் வேறு வாயால் சொன்னேன்? ஆட்களைச் சேர்ப்பதை மாற்றாமல் கோச்சை மட்டும் மாற்றினால் மறுபடியும் அந்த எட்டு வந்து உட்காரும். எட்டு வந்தாலே இப்போது மூன்று படி ஏற்றம் என்பது வேறு விஷயம்.

---

பெரம்பூர்_லோக்கல்:

எட்டு வந்தால் பால் காய்ச்சிவிடலாம்.

---

மூலை_இருக்கை:

எல்லோருக்கும் நன்றி. கேட்கும்போது அறுபதுக்கு நாற்பது என்று இருந்தேன், கோவைக்காரர் எழுதியதைப் படித்ததும் தொண்ணூறுக்குப் பத்து ஆகிவிட்டது. அந்த மாற்றம்தான் இவரைக் கொண்டுவந்தது என்பதை நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. மீதிப் பத்து, செமி ஃபைனல் அன்றைக்கு நான்காவது கோல் விழுந்ததும் என் அப்பா சீட்டு மேல் ஏறி நின்றாரே, அதற்காக. அவர் அதற்குப் பிறகு ஸ்டேடியம் வரவில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அந்தப் பத்தை மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

இந்தியக் கோச் விஷயத்தில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் 1-0 என்று வருஷம் முழுக்கப் பார்க்க நம்ம கூட்டத்துக்குப் பொறுமை இருக்கிறதா என்பது சந்தேகம்தான், முதல் இரண்டு டிராவுக்கே பெரம்பூர்க்காரர் சால்வையோடு வந்து நிற்பார்.

---

பெரம்பூர்_லோக்கல்:

சால்வை ரெடியாக இருக்கிறது. அதை விடுங்கள், உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் அந்த ஐந்து கோலில் எத்தனையைப் பார்த்தார்?

---

மூலை_இருக்கை:

மூன்று. மீதி இரண்டுக்கும் நான் எழுந்து குதித்ததைப் பார்த்து, விக்கெட் விழுந்துவிட்டதா என்று கேட்டார்.