கிரைண்டர் லொக் பட்டன் தவறுதலாக அமுங்கினால் வொரண்டி இல்லையா?

தெமட்டகொட_வெல்டிங்:
4 இஞ்சி ஆங்கிள் கிரைண்டர், 6 மாத வொரண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போது பெருவிரல் பட்டு, டிஸ்க் மாற்றும் லொக் பட்டன் அமுங்கிவிட்டது. இப்போது லொக் பிடிக்குதில்லை, கியர் பக்கம் கரகர சத்தம். "பிழையான பாவனை" என்று கடையில் திருப்பிவிட்டார்கள். வேணுமென்று செய்வதும் கைதவறுவதும் ஒன்றா?

கியர்பொக்ஸ்:
வேணுமென்றா தவறியா என்று மெஷினைப் பார்த்துச் சொல்ல ஏலாது. விரல் அமுக்கியதா, பட்டனைத் திரும்ப மேலே தள்ளும் ஸ்ப்ரிங் பிழையா என்று பார்க்கலாம். கியர் ஹெட்டைக் கழற்றினால் பெரிய கியரின் முதுகில், லொக் பட்டனின் இரும்புப் பின் (ஊசி) விழும் ஓட்டை தெரியும். அதன் விளிம்பு மட்டும் உடைந்திருந்தால் ஓடும்போது அமுக்கியதுதான். வட்டமாகக் கீறல் ஓடியிருந்தால், ஸ்ப்ரிங் செத்தோ தூள் அடைத்தோ பின் மேலே வராமல் உரசியிருக்கு. ஸ்ப்ரிங் என்றால் அது கம்பனியின் பொறுப்பு. நீங்களே கழற்ற வேண்டாம், அதையே சாட்டாக வைத்து வொரண்டியை வெட்டிவிடுவார்கள். அவர்களைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று போட்டோ எடுங்கள்.

பழைய_சோனகத்தெரு_கவுண்டர்:
கைதவறலையும் வொரண்டியில் சேர்த்தால் அந்தச் செலவு எல்லார் பில்லிலும் ஏறும். சைட்டில் ஒரே கிரைண்டரை நாலு பேர் மாறி மாறிப் பிடிக்கிறார்கள். டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு மூடியைக் (கார்ட்) கழற்றிவிட்டு 7 இஞ்சி டிஸ்க் மாட்டுகிறவர்களும் உண்டு. அந்த டிஸ்க்கில் 8,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று அச்சடித்திருக்கும், சின்ன மெஷினோ 11,000 அளவில் சுற்றும். அதையும் "தவறுதல்" என்றுதான் கொண்டுவருவார்கள்.

ஆனால் லொக் பின் உடைந்ததைக் காட்டி, மோட்டருக்குள் சுற்றும் ஆர்மேச்சரின் பழுதையும் தட்டிக்கழிப்பது அநியாயம். ஓவர்லோட் என்றால் சுருள் முழுக்க ஒரே மாதிரிக் கறுக்கும், பல நேரம் அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஃபீல்ட் கொயில் சுருளும் சேர்ந்து போகும். கார்பன் பிரஷ் உரசும் கொமியூட்டேட்டரில் ஒன்றிரண்டு செம்புப் பட்டை மட்டும் கருகியிருந்தால் அனேகமாக வைண்டிங்கில், அதாவது சுருள் சுற்றியதில்தான் பிழை. அதற்கு வொரண்டி கேளுங்கள், விடாதீர்கள்.

புதுக்கடைப்_பக்கம்:
மறுத்த காரணத்தை எழுத்தில், கடை சீலோடு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், வொரண்டிக்கு ஒவ்வாத பொருளைப் பற்றியும் முறையிட இடமுண்டு. ஆனால் முறைப்பாட்டை அந்த அதிகார சபைக்கு, விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 6 மாத வொரண்டிதானே என்று ஆறுதலாக இருக்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான். கைதவறிய உடைவுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஸ்ப்ரிங் பிழைக்குப் போட்டோ இருந்தால் பேசலாம்.

தெமட்டகொட_வெல்டிங்:
நன்றி. வெட்டுவதற்கு இன்னும் வேலை செய்யுது. அதுவரை பாவிக்கலாமா?

கியர்பொக்ஸ்:
கூடாது அண்ணே. உடைந்த துண்டு கிரீஸுக்குள் சுற்றி கியர் பல்லையும் பெயரிங்கையும் தின்றுவிடும். இப்போது நிறுத்தினால் பின், ஸ்ப்ரிங், கியர் செட்டோடு முடியலாம், ஓட்டினால் ஹவுசிங்கும் (வெளிக்கூடும்) போகும். காசு கட்டிச் செய்வதானால் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். புது கிரீஸை நிரம்ப அடைக்கவும் விடாதீர்கள், சூடேறி மோட்டர் பக்கம் கசியும்.